அளக்கப்படாத மலை

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவருக்கு இடது கைப் பக்கம் விடாமல் கூடவே வருவது மலை. முதலில் சேர்வராயன்மலை, அது விலகியதும் கல்வராயன்மலை. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். இரண்டிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ். இவ்வளவு ஒத்திருந்தும் இந்த இரண்டு மலைகளின் வரலாறு ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் போயிருக்கிறது. ஐயாயிரம் அடியை ஒட்டிய உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி நட்டார். பின்னால் எஸ்டேட்டுகளும் மாதா கோவில்களும் பள்ளிக்கூடங்களும் கோடை பங்களாக்களும் வந்தன. அதைவிடத் தாழ்வான கல்வராயன்மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கமோ 1976ஆம் ஆண்டு ஜூன் 25 வரை, தாங்களே வரி வாங்கி ஆண்ட மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் ஆன பிறகுதான் அரசு அந்த மண்ணை நேரடியாக ஏற்றுக்கொண்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டால் மலை எட்டாத இடத்தில் இருந்தது, அதனால் எல்லாம் பிந்தி வந்தது என்பார்கள். இந்த விடை எனக்குப் போதவில்லை. கல்வராயன்மலை எட்டாமல் இருந்ததைவிட அளக்கப்படாமல் இருந்ததே பெரிய உண்மை. அளக்காமல் விட்டது இயற்கையின் வேலை அன்று. ஒவ்வொரு அரசும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது.

மலையின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ 1095 சதுர கிலோமீட்டர் பரந்த இந்த மலைத்தொகுதியை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வது வழக்கம். சின்னக் கல்வராயன் சராசரியாக 2700 அடி உயரம். பெரிய கல்வராயனின் உயர்ந்த பகுதிகள் 4000 அடியை எட்டும். இது ஒரே முகடாக நீளும் மலை அன்று. மேலே ஏறிவிட்டால் அலையலையான மேட்டுநிலமும், இடையிடையே ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகளும், அவற்றை ஒட்டி வயலும் கொல்லையும் ஊருமாக விரியும். வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, சேலம் மாவட்டப் பக்கத்தில் கருமந்துறை, கரியகோவில் எல்லாம் அப்படி மேல்பள்ளத்தாக்குகளில் அமைந்த ஊர்கள். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் மலையின் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் இங்கிருந்துதான் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்குகின்றன. தெற்குச் சரிவின் ஓடைகள் வசிஷ்ட நதியில் சேர்கின்றன. எல்லாம் கடைசியில் வெள்ளாறாகிக் கடலுக்குப் போகின்றன. வடக்குச் சரிவின் நீர் தென்பெண்ணைக்கு. காவிரி வடிநிலத்துக்கும் பாலாற்று வடிநிலத்துக்கும் நடுவே சுவர் எழுப்பி நிற்கும் மலைகளுள் இதுவும் ஒன்று.

அந்தச் சுவரின் அடிவாரம் ஆளரவமற்ற மூலையாக ஒருநாளும் இருந்ததில்லை. தெற்கே கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் இடையே வசிஷ்ட நதி போட்டுக் கொடுத்த இடைவெளிதான் ஆத்தூர்க் கணவாய். கொங்கிலிருந்து கீழைக் கடற்கரைக்குப் படையும் சரக்கும் போன வழி அது. இன்றும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையும் அதே இடைவெளியில்தான் ஓடுகின்றன. ஆத்தூரில் கோட்டை, கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தியாகதுருகத்தில் கோட்டை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தியாகதுருகத்துக்காக மாறி மாறி மோதினார்கள். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இல், திப்பு சுல்தானின் படை அதை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மலையின் வடக்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்திலிருந்தே நூற்றுக்கணக்கில் நடுகற்கள் நிற்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972இல் வெளியிட்டது. ஆநிரை கவர்ந்ததும் மீட்டதுமாக அந்தக் கற்கள் சொல்வது மலையடிவாரத்தின் சலசலப்பான வாழ்க்கையைத்தான். கிழக்கே திருக்கோவலூரில் மலையமான்கள் ஆண்டார்கள். இப்படி மூன்று பக்கமும் அரசும் படையும் வணிகமும் உரசிக்கொண்டு போன ஒரு மலையை யாருக்கும் தெரியாத மலை என்று சொல்வது கடினம். தெரிந்திருந்தும் எல்லா அரசுகளும் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஏன் என்பதே கேள்வி.

மலை மக்களின் சொந்த மரபு இதற்கு ஒரு துப்புத் தருகிறது. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று மலையாளிகள் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் தம்பிகள் மூவர் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலைக்குப் போனதாக ஒரு கதை உண்டு. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் பதிந்து, பிறகு இனவரைவியலாளர் தர்ஸ்டன் தம் தொகுப்பில் எடுத்தாண்ட செய்தி இன்னும் கூர்மையானது. முன்பு கல்வராயன்மலையில் வேடர்கள் இருந்தார்கள். வந்தவர்கள் வேடர்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்துகொண்டார்கள். அதன் நினைவாகத் திருமணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிப்பார்கள், அது வேடக் கணவனின் சாவைக் குறிக்கும் என்பது அந்தச் செய்தி. இதன் வரலாற்றுத் துல்லியத்தை யாராலும் நிறுவ முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் தொடக்கத்தைக் குடியேற்றமாகவும் வெற்றியாகவும் நினைவில் வைத்திருப்பதே கவனிக்க வேண்டியது. காலங்காலமாக மூடிக்கிடந்த மலையின் ஆதிமக்கள் என்று இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளவில்லை. கீழே இருந்த அரசியல் உலகத்திலிருந்து பிரிந்து மேலே போனவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று, பின்னால் ஜாகீர்தார்களான மூன்று தலைவர் மரபுகளுக்கு விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் மலையைப் பிரித்துக் கொடுத்தார் என்ற மரபும் இதே பாங்கில் வருவது. அந்தப் பட்டயம் உண்மையோ பின்னால் புனைந்ததோ, அது செய்த வேலை ஒன்றுதான்: பேரரசு இருக்கிறது, அதன் பெயரால் நாங்கள் ஆள்கிறோம், ஆகவே பேரரசு மேலே வரத் தேவையில்லை. பேரரசுக்கும் அது வசதியாகவே இருந்தது.

இந்த ஏற்பாடு கம்பெனி ஆட்சியிலும் தொடர்ந்ததுதான் வியப்பு. கல்வராயன்மலை கம்பெனியின் கைக்கு ஒரே நாளில் வரவில்லை. ஆத்தூர்ப் பக்கம் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து வந்தது. முன்னது சேலம் மாவட்டத்திலும் பின்னது தென்னார்க்காட்டிலும் சேர்ந்தன. மைசூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையில் கிடந்த பழைய எல்லைக்கோடு அப்படியே மாவட்ட எல்லையாக உறைந்துபோனது. ஒரே மக்கள், ஒரே தெய்வம், ஒரே கொள்வினை கொடுப்பினை; நடுவில் அந்தக் கோடு. அது இன்றுவரை அழியவில்லை. அதன் விளைவுகளுக்குப் பிறகு வருகிறேன்.

1792இல் சேலத்துக்கும் பாராமகாலுக்கும் வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, விளைச்சலுக்கு ஏற்பத் தரம் பிரித்து, உழுகிறவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மாவட்டத்தில், இந்த மனிதர்களின் கையில்தான். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பின்னால் பரவிய அந்த முறையின் பிறப்பிடம் கல்வராயன்மலையின் அடிவாரம் என்றே சொல்லலாம். அளவுச் சங்கிலி மலையடிவரை வந்து அங்கே நின்றுவிட்டது. அதே பத்தாண்டுக்குள் தெற்கே பாளையக்காரர் போர்கள் நடந்தன. கட்டபொம்மன் 1799இலும் மருது சகோதரர்கள் 1801இலும் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. சமவெளியின் தலைவர்களை வேரோடு பிடுங்கிய கம்பெனி, கல்வராயன்மலைத் தலைவர்களைத் தொடவில்லை. தொட முடியாமல் போயிற்று என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கொல்லிமலை, சேர்வராயன் எல்லாம் ஏறிய கம்பெனிக்கு இது எம்மாத்திரம்? இங்கிருந்து வரக்கூடிய வரி, அதை வசூலிக்க ஆகும் செலவுக்குக் காணாது. தலைவர்களால் ஆபத்தும் இல்லை. கணக்கு அங்கே முடிந்தது.

அந்தக் கணக்கு மேலே எப்படி வாழப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த மலைகளில் இரண்டு வகைச் சாகுபடி இருந்தது: ஏர் பூட்டி உழும் நிலம், காட்டை வெட்டி எரித்துக் கொத்தால் கிளறி விதைக்கும் கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு இவற்றில் முக்கியம். கொத்துக்காடு இரண்டு மூன்று ஆண்டு விளைந்தால் பிறகு சும்மா கிடக்க வேண்டும். ஆகவே மண்ணுக்கு நிலையான எல்லை இல்லை. வரியும் மண்ணின் மேல் விழவில்லை. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று உழைக்கும் கருவி மேலும் ஆள் மேலும் விழுந்தது. ஊர்க்கவுண்டரும் மூப்பனும் அதை வசூலித்து மேலே சேர்த்தார்கள். வழக்கு, திருமணத் தகராறு, தண்டம் எல்லாம் அந்த அடுக்கிலேயே தீர்ந்தன. ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுப்பதும் அதில் அடக்கம். இந்த முறையை நல்லது கெட்டது என்று எடை போடுவதற்கு முன் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவிக்கும் ஆளுக்கும் போடும் வரி காகிதத்தில் நிலத்தின் தடயத்தை விடாது. சமவெளிக் குடியானவர் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தா காலத்து நிலத்தை அடங்கலிலும் சிட்டாவிலும் தேடி எடுக்கலாம். வெள்ளிமலைக் குடியானவருக்கு அப்படித் தேட ஏடே கிடையாது. அவர் நிலத்தில் இல்லாமலிருந்தவர் அல்லர், ஏட்டில் இல்லாமலிருந்தவர்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். மலைக்காய்ச்சலை மறந்துவிட்டீர்களே, காபிக்கு ஏற்ற உயரமும் குளிரும் சேர்வராயனில் இருந்தன, இங்கே இல்லை, வெள்ளைக்காரன் வராததற்கு அதுதானே காரணம் என்பார்கள். இதில் பாதி உண்மை. கல்வராயனின் பெரும்பகுதி காபிக்குத் தாழ்வு, கோடையைக் கழிக்க வருகிறவருக்கு வெப்பம். ஆனால் காய்ச்சல் காரணம் தாங்காது. வயநாட்டில் மலேரியாவால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், அங்கே காபி நின்றுவிடவில்லை. ஆனைமலையில் காடு வெட்டித் தேயிலை நட்டபோதும் அதே காய்ச்சல்தான். நிலத்தைத் தரிசு என்று அறிவித்து விற்கவோ குத்தகைக்கு விடவோ அரசுக்கு உரிமை இருந்த இடங்களில் காய்ச்சல் தடையாகவில்லை. உயரம் பற்றிய வாதமும் தோட்டம் ஏன் வரவில்லை என்பதற்கு மட்டுமே விடை. அளவை ஏன் வரவில்லை, பள்ளி ஏன் வரவில்லை, மலைப்பாதை ஏன் அவ்வளவு பிந்தியது என்பதற்கு அது விடையாகாது. சர்வே எண் போடுவதற்குக் காபி விளைய வேண்டியதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஜாகீர் முறைதான் மலையாளிகளைக் காப்பாற்றியது என்பது அது. இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சேர்வராயனில் அளவை வந்தது, கூடவே எஸ்டேட்டும் வந்தது. தங்கள் கொத்துக்காடுகள் காபித் தோட்டமானபோது அங்கிருந்த மலையாளிகளில் பலர் அதே மண்ணில் கூலிகளாக நின்றார்கள். இன்று ஏற்காட்டின் நல்ல நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வது சிரமமில்லை. கல்வராயனில் அப்படி நடக்கவில்லை. ஜாகீர்தார் எவ்வளவு கறந்தாலும் வெளியாள் மலையில் கால் ஊன்ற முடியவில்லை. மக்கள் கூட்டமாகத் தங்கள் ஊர்களிலேயே இருந்தார்கள். அளவையால் வரும் பேரிழப்பிலிருந்து அளவையின்மை ஓரளவு காத்தது என்பது மெய். ஆனால் அந்தப் பாதுகாப்பு உரிமையின் பேரில் வந்ததன்று. அது ஜாகீர்தாருடைய அதிகாரத்தின் நிழல். அவர் இருக்கும்வரை இருக்கும், போனால் போய்விடும். நிலம் குடியானவருடையது என்று எந்த ஏடும் சொல்லாதபோது, ஜாகீர்தாரின் இடத்தில் நாளை யார் வந்து அமர்கிறாரோ அவரே எல்லாவற்றுக்கும் உடையவர் ஆவார். 1976இல் நடந்தது அதுதான்.

விடுதலைக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நடந்ததே குறைவு. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சமவெளியின் பெரிய ஜமீன்கள் எல்லாம் அதில் போயின. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963இல் வந்தது. கல்வராயன் ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தது அதற்கும் 13 ஆண்டுகள் கழித்து. அதே இடைப்பட்ட காலத்தில், 1960களில், கச்சிராயபாளையத்துக்கு அருகே மலையடிவாரத்தில் கோமுகி அணை எழுந்தது. கல்வராயனில் பெய்த மழையைத் தேக்கிக் கள்ளக்குறிச்சி வட்டத்து நெல்லுக்கும் கரும்புக்கும் கொடுப்பதற்காக. மலையிலிருந்து இறங்கும் நீரை அரசு கன அடிக் கணக்கில் அளந்தது. அந்த நீர் புறப்படும் நிலத்தை அளக்கவில்லை. இதற்கும் காய்ச்சலைக் காரணம் சொல்ல முடியாது. 1976 ஜூன் 25 என்ற நாளையும் கவனிக்க வேண்டும். நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. காங்கிரஸ், தி.மு.க. இரண்டும் தேர்தலில் வென்று ஆண்ட காலம் முழுவதும் நகராத கோப்பு, சட்டமன்றமே இல்லாத ஒரு பருவத்தில் நகர்ந்தது. கல்வராயன்மலைக் குடியானவரின் குரல் எந்தச் சட்டமன்றத்திலும் கனம் பெறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தெரியவில்லை.

சரி, அதுவும் நடந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னுமா ஜாகீர்தாரைக் குற்றம் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி ஞாயந்தான். சாலை போட்டார்கள், உண்டு உறைவிடப் பள்ளிகள் திறந்தார்கள், கருமந்துறையில் அரசின் பெரிய பழப் பண்ணை இருக்கிறது, சாமைக்காடுகள் பலவும் மரவள்ளிக் காடுகளாகி, கிழங்கு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாக இறங்குகிறது. நான் குற்றம் சொல்வது ஜாகீர்தார் என்ற ஆளை அன்று. ஏட்டில்லாத நிலத்தை அரசு எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை. ஜாகீர்தாரிடமிருந்து வாங்கிய பரப்பில் எது குடியானவரின் நிலம், எது காடு என்று பிரிக்கும்போது, சும்மா கிடந்த கொத்துக்காடு எந்தப் பக்கம் விழும்? விதைப்பு நடக்காத ஆண்டில் பார்க்கிறவருக்கு அது புதர் மண்டிய காடு. தலைமுறைகளாக அதைச் சுழற்சியில் உழுதவருக்கு அது அடுத்த ஆண்டின் கொல்லை. ஆட்சி மாறிய நாளில் பழைய வழக்கம் ஆக்கிரமிப்பு என்று பெயர் மாறியது. கடுக்காய் பொறுக்குவதும் தேன் எடுப்பதும் அனுமதிக்குரிய செயல்களாயின. நிலத்தில் உரிமையும் இல்லாமல், காட்டில் உரிமையும் இல்லாமல் நின்றவர்களுக்கு முன் திறந்திருந்த வாசல்கள் சில: சமவெளிக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போவது, சந்தன மரத் தரகர்களுக்கும் பின்னால் ஆந்திரச் செம்மரத் தரகர்களுக்கும் ஆளாவது, சாராயம் காய்ச்சுவது. மூன்றிலும் லாபம் வேறிடத்துக்குப் போனது. வழக்கு மட்டும் மலையில் தங்கியது.

அந்த வழக்குகள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைப் பக்கத்து மலை காட்டியது. கல்வராயனை ஒட்டி மேற்கே இருப்பது சித்தேரி மலை. அதன் அடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் மாதம், சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து மலையாளி மக்களின் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றுவதற்காக ஊர் மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்று உயர் நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, செய்திகளின் பார்வை உடனே மலைக்குத் திரும்பியது. கல்வராயன்மலை என்றாலே சாராய மலை என்பது போல ஒரு பேச்சு. மலையில் சாராயம் காய்ச்சுவது நெடுநாள் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். பானையில் போட்ட வெல்ல ஊறலில் ஆளைக் கொல்லும் அளவுக்கு அது ஊறி வராது. சாவுக்குக் காரணமான சரக்கு சமவெளியின் வணிகத்தில் பிறந்தது. பழி மலைக்குப் போன வேகத்தைப் பார்த்தால், ஏட்டில் இல்லாத இடத்தைப் பற்றி எதையும் நம்ப எவ்வளவு எளிது என்பது புரியும். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன்மலை மக்களின் வாழ்வு பற்றிய வழக்கை எடுத்தது. 1976 வரை மலை ஜாகீர்தார்களிடம் இருந்த செய்தியைச் சமவெளியில் பலர் முதல்முறை கேட்டதும் அப்போதுதான். கள்ளக்குறிச்சிக்காரர்களே பலர் கேட்டு வியந்தார்கள்.

இனி அந்தப் பழைய கோட்டுக்கு வருகிறேன். தென்னார்க்காடு 1993இல் பிரிந்து விழுப்புரம் வந்தது. அது பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. கல்வராயன்மலைக்குத் தனி வட்டம், வெள்ளிமலை அதன் தலைமையிடம். கடலூரும் விழுப்புரமும் போய், மாவட்டத் தலைநகர் அடிவாரத்துக்கே வந்துவிட்டது. இது சிறிய மாற்றம் அன்று. ஆனாலும் கருமந்துறைக்குச் சேலம், வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சி என்ற பிரிவு, திப்புவும் நவாபும் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. தேர்தலில் அது தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே. சேலம் பக்கத்துக் கல்வராயன் மக்கள் ஏற்காட்டுத் தொகுதியில் வாக்களிக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர் சங்கராபுரம் பொதுத் தொகுதியில், சமவெளி வாக்குகளின் பெருக்கில் கரைகிறார்கள். ஒரே மலையில் மாமன் வீட்டார் ஒரு தொகுதி, மச்சான் வீட்டார் வேறு தொகுதி. இரண்டு பக்கமும் ஒரே ஆட்சிக்குள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதை நில அமைப்பு வரைந்த எல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏடு இல்லாததே நோய் என்றால், ஏட்டை இப்போது எப்படி உண்டாக்குவது என்பதே மீதமிருக்கும் வேலை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டு நிலத்தில் சாகுபடி செய்த பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு; ஊருக்குப் பொதுவான காட்டின் மேல் சமூக உரிமையும் உண்டு; கோரிக்கையை முதலில் ஆய்வது கிராம சபை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை காரணமாக 2016 வரை உரிமைப் பட்டயம் வழங்குவது முடங்கியது, அதன் பிறகும் வேகம் போதாது. கல்வராயனுக்கு இந்தச் சட்டத்தில் மிக முக்கியமான பகுதி சான்று பற்றிய விதிதான். அரசு ஆவணம் மட்டுமே சான்று என்று அது சொல்லவில்லை. வீடு, கிணறு, வரப்பு, இடுகாடு, கோவில் இவற்றின் தடயமும், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்ததும் சான்றாகும். எழுதப்பட்ட காகிதம் கேட்டால் தோற்றுப்போகும் மலையாளிக் குடும்பம் இந்த விதியில் வெல்லக்கூடும். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மேசைகளில் இன்னமும் முதலில் கேட்கப்படுவது காகிதம்தான். காகிதத்தை உண்டாக்கும் பொறுப்பு 175 ஆண்டுகள் யாரிடம் இருந்தது என்று 1801க்கும் 1976க்கும் இடையே எண்ணிப் பார்த்தால், இல்லாத ஆவணத்துக்கு விண்ணப்பதாரரைப் பொறுப்பாக்குவது எவ்வளவு தலைகீழ் என்பது அந்த மேசைக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாக்குமூலம் சொல்லக்கூடியவர்கள், ஜாகீர் காலத்தில் எந்தக் கொத்துக்காட்டை எந்த வீடு விதைத்தது என்று கண்ணால் கண்டவர்கள், இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். கல்வராயன்மலை வட்டத்தின் ஒவ்வொரு ஊரிலும் அவர்கள் சொல்வதைக் கிராம சபை எழுதி வாங்கிவிட வேண்டும், அதுவும் உடனே.